ஷஹ்பாவின் தலைக்கன்று

பதினேழாம் எண் புட்டி மூன்றாவது முறையும் தன் வரிசையில் நிற்க மறுத்தது.

தாவியா முதலில் தன்னைத்தான் சந்தேகித்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். புட்டியைச் சரியாகக் கழுவவில்லையோ? பனிப்பெட்டியில் வைக்கத் தாமதமாகிவிட்டதோ? மடி வற்றும் நேரத்துக் கடைசிப் பாலைப் பிடித்துவிட்டார்களோ, அதில் கொழுப்பு ஏறித்தானே இருக்கும்? ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினாள். ஒவ்வொன்றாக அடித்தாள். மூன்றாம் முறைக்கு அவளே மேய்ச்சல் நிலத்துக்குப் போய், கண்ணெதிரே பீச்சச் சொல்லி வாங்கி வந்த பால் அது. அப்படியும் கொழுப்பும் புரதமும், முதன்முறை ஈன்ற மற்ற ஏழு தலை ஈத்து ஒட்டகங்களோடு ஒட்டாமல் மேலே போய் நின்றன.

பாலைவன ஊரான மெத்லிலியில், ஒட்டகக்காரர் சங்கத்தின் பால் நிலையத்தில் தரம் பார்ப்பது அவள் வேலை. இரண்டு வருடமாகச் செய்கிறாள். இந்த வசந்தத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து நஸீபா என்ற ஆசிரியை ஒரு ஆய்வோடு வந்து சேர்ந்தார். தாய் எத்தனை முறை ஈன்றது என்பதைப் பொறுத்துப் பாலின் சத்து எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். இருபத்து நாலு ஒட்டகங்கள். எட்டு தலை ஈத்து, எட்டு இரண்டாம் மூன்றாம் ஈத்து, மற்ற எட்டு அதற்கும் மேலே. எல்லாம் ஒரே குளிர்காலத்தில் ஈன்றவை, ஒரே நிலத்தில் மேய்பவை. மாறுகிறதென்றால் ஈத்தால்தான் மாற வேண்டும்.

"தாவியா, இந்தப் பதினேழு மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்குது?" என்றார் நஸீபா, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து.

"என் கை தப்பியிருக்கும் டீச்சர்."

"மூணு தடவையுமா? உன் கையை எனக்குத் தெரியும். பக்கத்துப் புட்டி எல்லாம் ஒழுங்கா இருக்கே."

"அப்ப... ஒரே ஒரு ஒட்டகத்துப் பாலை வச்சு என்ன சொல்ல முடியும்?"

"எதுவும் சொல்ல முடியாது. பால் சாட்சி சொல்லாது, கேள்விதான் கேக்கும். இது தலை ஈத்துன்னு யார் சொன்னது?"

"என் அண்ணன்."

"ஓ. வீட்டு ஒட்டகமா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

சொன்னாரே தவிர, பதினேழுக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்ட கேள்விக்குறியை நஸீபா அழிக்கவில்லை. "வியாழக்கிழமை சங்கத்துல பட்டியலை வாசிக்கணும். உடையவங்க எல்லாரும் ஒப்புத்துக்கணும். அதுக்குள்ள பார்த்துச் சொல்லு" என்று கிளம்பினார்.

தன் கை தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்று முழுக்க தாவியா வேண்டிக்கொண்டாள். தப்பு தன் கையில் இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

பதினேழாம் எண் ஷஹ்பா, அவளுடைய சொந்த ஒட்டகம். எட்டு வருடத்துக்கு முன், கல்யாணத்தின்போது, வாப்பா அதை அவளுக்குக் கொடுத்தார். அப்போது அதற்கு இரண்டு வயது. வெள்ளைச் சாம்பல் நிறம், மாவு தூவினது போன்ற வெள்ளை இமைகள். குடும்பத்துச் சூட்டுக்குறி கழுத்தில் ஒரு நெடுங்கோடு. வாப்பா இரும்பைத் திரும்பக் காய்ச்சி, கோட்டின் அடியில் ஒரு புள்ளி வைத்தார். "கோடு குடும்பத்துக்கு, புள்ளி தாவியாவுக்கு. இது போடுற கன்னு எல்லாத்துக்கும் இந்தப் புள்ளி விழணும்" என்று அண்ணன் பெல்கைரைப் பார்த்துச் சொன்னார். மறு வருடம் அவர் இல்லை.

தாவியா கணவன் மிலூத்தோடு லகுவாத் நகரத்துக்குப் போய்விட்டாள். அவன் லாரி ஓட்டினான். ஒட்டகம் அண்ணன் மந்தையில் நின்றது. எல்லோர் வீட்டிலும் உள்ள ஏற்பாடுதான்: பாலும் முடியும் மேய்ப்பவனுக்கு, கன்று உடையவருக்கு. அதற்குக் காகிதம் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன் போன் செய்தான். "தங்கச்சி, மனசைத் தேத்திக்கோ. ஷஹ்பா கருவைக் கலைச்சிடுச்சு." குரல் உடைந்திருந்தது. அவள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள்: "விடு அண்ணே, கொடுக்கறவனுக்கு எடுக்கவும் தெரியும்." இரண்டரை வருடம் கழித்து விசாரித்தபோது, "பொலி சேரலை, சினை நிக்கலை. சில ஒட்டகம் அப்படித்தான்" என்றான். இந்தக் குளிர்காலத்தில்தான், "ஒருவழியா ஈன்னுடுச்சு, தலைக்கன்னு, பொட்டை!" என்று கூவினான். அவள் மெத்லிலிக்கே குடிவந்திருந்ததால் ஓடிப்போய்ப் பார்த்தாள். பிறந்து ஒரு வாரமான கன்றின் கழுத்தில் கோடும் புள்ளியும் இருந்தன. புண் ஆறாத வயதில் இவ்வளவு சீக்கிரம் யாரும் சூடு வைப்பதில்லை. தங்கைக்காக அண்ணன் அவசரப்பட்டிருக்கிறான் என்று நெகிழ்ந்துபோனாள்.

படிவத்தில் 'ஈத்து: 1' என்று எழுதியது அவளுடைய கையெழுத்துத்தான்.

*

செவ்வாய்க்கிழமை காலை நாலாவது புட்டியோடு பால் வண்டியில் ஏறி மேய்ச்சல் நிலத்துக்குப் போனாள். அண்ணன் அங்கே இல்லை, கிணற்றுப் பக்கம் போயிருந்தான். மந்தையோடு கூய்தர் நின்றான். எட்டு மாதத்துக்கு முன் கூலிக்கு அமர்த்திய மேய்ப்பன் அவன். நாற்பது வயது, வாய் ஓயாதவன்.

"வாங்க டாக்டரம்மா! திரும்பவும் பதினேழா? இந்த ஒட்டகத்துக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை என் பொண்டாட்டிக்குக்கூட நான் எடுத்ததில்லை."

"பால்தான் கூய்தர். ரத்தம் இல்லை."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எதை எடுத்தாலும் ஒட்டகம் உதைக்கும்."

காம்புகளை மூடிக் கட்டியிருந்த வலையை அவன் அவிழ்த்தான். கன்று முட்டி முட்டிச் சுரக்கவைத்தது. போன முறை தாவியா கூய்தரின் மறுபக்கம் நின்று புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்: சுத்தமா, நிரம்புகிறதா, மூடி சரியா. புட்டியைப் பார்த்தவள் மடியைப் பார்க்கவில்லை. இன்றைக்குக் குனிந்து மடியைப் பார்த்தாள்.

தலை ஈத்து ஒட்டகத்தின் காம்பு சுண்டுவிரல் போல இருக்கும். பீச்சுகிறவன் இரண்டு விரலால் இழுத்து, திட்டிக்கொண்டே கறப்பான். ஷஹ்பாவின் காம்புகள் தடித்து, நீண்டு, கூய்தரின் முழுப் பிடிக்கும் அடங்கியிருந்தன. ஒற்றைக்காலில் நின்று, தூக்கிய முழங்கால் மேல் கிண்ணத்தை வைத்து, அவன் பாட்டு முணுமுணுத்தபடி பீச்சினான்.

ஒட்டகக்காரன் மகளாகப் பிறந்து இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உடனே மறுபக்கம் பேசிக்கொண்டாள்: கலைந்த கரு மாதம் முற்றிய கருவாக இருந்திருந்தால்? அப்போதும் மடி இறங்கியிருக்குமே. அதுவும் ஒரு ஈத்து மாதிரிதானே. அண்ணன் பொய் சொல்லவில்லை, நான்தான் படிவத்தில் சரியாகக் கேட்கவில்லை. அந்த எண்ணம் வந்ததும் மூச்சு லேசானது.

"வந்துட்டா பாருங்க மகாராணி" என்றான் கூய்தர்.

மந்தையிலிருந்து இரண்டரை வயதுக் குட்டி ஒன்று நீளக் கால்களை வீசிக்கொண்டு வந்தது. வந்து ஷஹ்பாவின் கழுத்துக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டது. ஷஹ்பா அதன் பிடரியை முகர்ந்து, தொண்டைக்குள் மெல்ல முனகியது.

"யாரு இது?"

"யாரா? மூத்த மக. தங்கச்சி பால் குடிக்கிறதை இவ பார்த்தா போதும், பொறாமையில வந்து நடுவுல நின்னுக்குவா."

"ஷஹ்பாவோட மகளா?"

"நான் வந்த முதல் வாரமே தெரிஞ்சுகிட்டேன். இவளைத் தனியாப் பிரிச்சு ஓட்டினா அவ நகர மாட்டா, அவளை ஓட்டினா இவ நகர மாட்டா. ஏன், உங்களுக்குத் தெரியாதா? உங்க ஒட்டகம்தானே?"

தாவியா குட்டியின் கழுத்தைப் பார்த்தாள். கோடு இருந்தது. அடியில் முடி சுத்தமாக வளர்ந்திருந்தது. புள்ளி இல்லை.

கூய்தர் பீச்சுவதை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான், குட்டியின் கழுத்தைப் பார்த்தான். அப்புறம் வலையைக் கட்டுவதில் ரொம்ப மும்முரமானான். "நான் கூலிக்காரன் டாக்டரம்மா. குறி வைக்கிற நாளெல்லாம் நான் பார்த்தவன் இல்லை."

*

கிணற்றடியில் அண்ணனின் கூடாரம். அண்ணி ரெகயா தேநீர்க் கெண்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பெல்கைர் தங்கையைக் கண்டதும் எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். வேர்வையும் ஒட்டகச் சொறிக்குப் பூசும் தாரும் கலந்த அவன் வாசனை வாப்பாவுடையதைப் போலவே இருந்தது. அதனால் முதல் கோப்பையை முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, மந்தையில ஒரு குட்டி நிக்குது. ஷஹ்பா பின்னாலேயே திரியுது."

"எது?"

"புள்ளி இல்லாதது."

அவன் பேரீச்சங்கொட்டையைக் கையில் துப்பி, அதையே பார்த்தான். "அதுவா. அது... குறி வச்ச அன்னிக்கு நாற்பது கன்னு தங்கச்சி. இரும்பு ஆறிப்போச்சு, ஆள் பத்தலை, ஒண்ணு ரெண்டுல புள்ளி விட்டுப்போச்சு."

அது நடக்கக்கூடியதுதான். குறி வைக்கும் நாளின் புகையும் கூச்சலும் அவளுக்குத் தெரியும். வாப்பாவே ஒருமுறை பக்கத்து வீட்டுக் கன்றுக்குத் தன் கோட்டை இழுத்துவிட்டு, ஒரு வாரம் மன்னிப்புக் கேட்டுத் திரிந்தார். அவள் அந்தப் பதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரி அண்ணே, இப்ப வச்சிடலாமே. இரும்பு இருக்கில்ல?"

ரெகயா இரண்டாவது கோப்பையை ஊற்றினாள். உயரத்திலிருந்து ஊற்றுகிறவள், இன்றைக்குக் கெண்டியைக் கோப்பையோடு ஒட்டியே வைத்து ஊற்றினாள்.

"அந்தக் குட்டியை என் மக கல்யாணத்துக்குச் சொல்லிட்டேன்" என்றான் பெல்கைர். "சம்பந்தி வீட்டுல வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க."

"என் கன்னையா?"

"யாரு மேய்ச்சது? சொல்லு. மூணு வருஷமா மழை இல்லை. பார்லி மூட்டை தூக்கித் தூக்கி என் தோள் தேஞ்சு போச்சு. நீ லகுவாத்துல விசிறிக்குக் கீழே உக்காந்திருந்தே."

"பொலி சேரலைன்னு சொன்னியே அண்ணே."

"சொன்னேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே."

"கேட்டு வாங்கினா அது நீ கொடுத்த கன்னு. காலம் பூரா நீ கொடுத்ததா இருக்கும். தங்கச்சிகிட்ட வாங்கித்தான் பெல்கைர் மகளைக் கட்டிக்கொடுத்தான்னு ஊரு பேசும்." குரல் ஏறியது. "நீ மட்டும் என்கிட்ட வாங்கலையா? மறந்துட்டியா? உன் புருஷன் எழுந்து நடந்தப்போ யாரு கன்னை அறுத்துச் சோறு போட்டது? என் கன்னு! அன்னிக்கு என் தலைப்பாகையில முத்தம் கொடுத்தியே, அது யாருக்கு?"

மறக்கக்கூடியதா அது? மூன்று வருடத்துக்கு முன் மிலூத்தின் லாரி கவிழ்ந்து அவன் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். 'என் புருஷன் நடந்தா ஷஹ்பா போடுற தலைக்கன்னை அறுத்து ஊருக்குச் சோறு போடுறேன்' என்று அவள் நேர்ச்சை வைத்தாள். அவன் நடந்தான். கன்றுதான் இல்லை. கடன் கழுத்தில் தொங்கியது. அண்ணனிடம் போனில் அழுதாள். ஒரு வாரத்தில் பெல்கைர் இரண்டு வயதுக் கடாக்கன்றைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு லகுவாத்துக்கு வந்து இறங்கினான். "வரப்போற கன்னுக்காக எதுக்குக் காத்திருக்கணும்? என் கன்னை எடுத்துக்கோ. உன் நேர்ச்சை என் நேர்ச்சை." பெண்கள் குலவையிட்டார்கள். 'உன் பிறந்த வீட்டில் என்ன இருக்கிறது' என்று வருடம் முழுக்க குத்திக்கொண்டிருந்த மாமியார் அன்று வாயடைத்துப்போனாள். தாவியா எல்லோர் முன்னாலும் அண்ணனின் தலைப்பாகையில் முத்தமிட்டாள்.

கன்று இரண்டு நாள் முற்றத்தில் கட்டிக்கிடந்தது. அவள்தான் புல் போட்டாள். முன்னங்கால்களை மடித்து, அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இமையெல்லாம் வெள்ளை. 'மாவு அரைச்ச வீட்டுலேர்ந்து வந்திருக்கான்' என்று அண்டைவீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

கோப்பை தாவியாவின் கையில் இருந்தபடியே ஆறிப்போனது.

"அண்ணே, அந்தக் கடாக்கன்னு எந்த ஒட்டகம் போட்டது?"

"எத்தனையோ ஒட்டகம் இருக்கு. எனக்கு ஞாபகமில்லை."

"உனக்கா? உன் ஒட்டகத்தோட பாட்டி ஈன்ன நாளெல்லாம் சொல்லுவியே நீ." அவளுக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. "அதுக்கு வெள்ளை இமை. கழுத்துல கம்பளி சுத்திக் கொண்டுவந்தே. குளிர்னு சொன்னே. வெயில் காலத்துல. அதுக்கு அடியில புள்ளி இருந்துச்சா?"

"உளறாதே."

"கலைஞ்சிடுச்சுன்னு போன்ல அழுதியே. அழுதது யாரு?"

பெல்கைர் எழுந்துவிட்டான். ரெகயா கெண்டியைத் தரையில் வைத்தாள். "போதும்" என்றாள் புருஷனிடம். "போதும், சொல்லித் தொலைங்க. நான் அப்பவே சொன்னேன். நேர்ச்சைன்னு காதுல விழுந்த ராத்திரியிலிருந்து நீங்க தூங்கலை. 'பேர் சொல்லி வச்ச கன்னு ரெகயா, மறைச்சா நம்ம வீட்டுல இடி விழும்'னு நீங்கதானே சொன்னீங்க. அதான் தாவியா, அவரே கொண்டுபோய்க் கொடுத்தாரு. ஒரு ரோமம் குறையாம அதே கன்னைத்தான் கொடுத்தாரு. பாவம் கழுவியாச்சு."

கூடாரத் துணி காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது.

தாவியா மெதுவாகச் சொன்னாள்: "அல்லாஹ்வை ஏமாத்த உனக்குப் பயம் வந்தது. என்னை ஏமாத்த வரலை."

"நேர்ச்சை நிறைவேறிச்சா இல்லையா?" என்றான் பெல்கைர். கண் கலங்கியிருந்தது, ஆனால் கத்தினான். "உன் கன்னு, உன் நேர்ச்சைக்குப் போச்சு! யாருக்கு என்ன நஷ்டம்?"

எதையும் இரண்டுமுறை எண்ணிப் பார்ப்பவள் அதையும் எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் வந்தது. கன்று அவளுடையது, நேர்ச்சை அவளுடையது, சோறு ஊருக்குப் போனது. ஆனால் கொடுத்தவள் தான்தான் என்று தெரியாமலேயே மூன்று வருடம் அண்ணனுக்குக் கடமைப்பட்டவளாக நடந்திருக்கிறாள். அவனைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போனாள். ரெகயாவின் பிரசவத்துக்கு வேலையை விட்டு ஒரு மாதம் வந்து கிடந்தாள். 'ஈத்து: 1' என்று கேட்காமல் எழுதினாள்.

வண்டியில் ஏறும்போது பெல்கைர் பின்னாலேயே வந்து கதவைப் பிடித்தான். குரல் இறங்கியிருந்தது.

"தங்கச்சி. வியாழக்கிழமை பட்டியல் வாசிப்பாங்கன்னு தெரியும். இருக்கிறபடியே வாசிச்சிட்டுப் போ. ஒண்ணுன்னு. சம்பந்தி வீட்டு ஆளுங்களும் உக்காந்திருப்பாங்க. குட்டி ஈன்னா அதோட தலைக்கன்னு உனக்கு. புள்ளி வச்சு நானே கொண்டுவந்து கட்டுறேன். வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை."

அவள் அவன் விரல்களைக் கதவிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது. சின்ன வயதில் கிணற்றுச் சுவரில் அவளை ஏற்றிவிட்ட விரல்கள்.

*

வியாழக்கிழமை சங்கத்து முற்றத்தில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். தலைவர் பூஜெமா நடுவில், நஸீபா ஒரு ஓரத்தில். தாவியா எண்ணையும் உடையவர் பெயரையும் ஈத்தையும் வாசிக்க வாசிக்க, அவரவர் "சரி" என்றார்கள். பதினொன்றுக்கு உரியவன் தூங்கிவிட்டான், பக்கத்தில் இருந்தவன் இடித்ததும், "சரி, சரி, எனக்கும் ஒரு கோப்பை" என்றான். சிரிப்பு எழுந்தது.

முந்தைய நாள் முழுக்க அவள் படிவத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒன்று என்று விட்டுவிட்டால் என்ன? ஆய்வில் ஒரு புட்டி பிசகும். அண்ணன் மகளின் கல்யாணம் நடக்கும். பண்டிகைக்கு அண்ணன் வீடு திறந்திருக்கும். மூன்று என்று எழுதினால் கிடைப்பது ஒரு எண், அவ்வளவுதான். தான் பழிவாங்குகிறோமோ என்றுகூட யோசித்தாள். மிலூத் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, "நான் நடந்தது யாரு கன்னால?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

"பதினேழு" என்று வாசித்தாள். "உடையவர் தாவியா. மேய்ப்பவர் பெல்கைர். மூன்றாம் ஈத்து."

யாரும் 'சரி' சொல்லவில்லை.

பெல்கைர் சம்பந்திக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை, பூஜெமாவைப் பார்த்தான். "தலை ஈத்து" என்றான். "என் தங்கச்சி தப்பா எழுதிட்டா. அவ எப்பவும் குழம்புவா, வீட்டைப் பூட்டினாளா இல்லையான்னு நாலு தடவை திரும்பிப் போறவ. வல்லாஹி, தலை ஈத்து."

சிலர் சிரித்தார்கள். பூட்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை அவன் இதற்கு எடுப்பான் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"தலை ஈத்தா?" என்று பின்வரிசையில் ஒருவன் இழுத்தான். "நான் அந்த மடியைப் பார்த்திருக்கேன் பெல்கைர். தலை ஈத்துக்கு அவ்வளவு பெரிய காம்புன்னா, அடுத்த ஈத்துக்குத் தரையில இழுபடும்."

பூஜெமா கையமர்த்தினார். "கூய்தர், நீ பீச்சுறவன். உனக்குத் தெரியுமா?"

கூய்தர் செருப்பு நுனியால் மணலைக் கிளறினான். செவ்வாய்க்கிழமை ஓயாத வாய். "நான் வந்து எட்டு மாசம். எனக்கு என்ன தெரியும்?"

தாவியா நஸீபாவைப் பார்த்தாள். நஸீபா தலையை மெல்ல அசைத்தார். பால் சாட்சி சொல்லாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் பூஜெமா.

அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் குழம்புறவதான். அதனாலதான் நாலு தடவை பார்த்தேன். முதல் கன்னு கடா, ரெண்டாவது பொட்டை, மந்தையில நிக்குது. இப்ப மூணாவது."

"ஒட்டகம் யாருது?"

"என்னுது."

"அப்ப உடையவங்க சொல்றதை எழுது. அதுதானே நம்ம விதி." அவர் பெல்கைரின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

சம்பந்திக்காரர்களில் மூத்தவர் எழுந்து, தேநீரை முடிக்காமலேயே வெளியே போனார். பெல்கைர் அவர் பின்னாலேயே போனான். வாசலில் ஒரு நொடி நின்று, "இனி உன் ஒட்டகத்தை நீயே மேய்ச்சுக்கோ" என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் அவளுக்கு மட்டுமே கேட்டது.

மறுநாள் ஷஹ்பாவும் கைக்கன்றும் தாவியாவின் வீட்டு முற்றத்தில் வண்டியிலிருந்து வந்து இறங்கின. குட்டி வரவில்லை. ஷஹ்பா வேலியோரம், மந்தை மேயும் தெற்குப் பக்கம் பார்த்து நின்று கத்தியது. தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கன்று முட்டி முட்டிப் பார்த்தும் பால் இறங்கவில்லை. நாலு நாள் பதினேழாம் எண் புட்டி காலியாகவே இருந்தது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நஸீபாவுக்கும் தெரியவில்லை.

தாவியா படிவத்தின் மிச்சத்தை நிரப்பினாள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வரி. மூன்றாவது: பெண், தாயோடு. இரண்டாவது: பெண், மந்தையில், குறியில் புள்ளி இல்லை. முதல் வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் ஷஹ்பாவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து எழுதினாள்:

தலைக்கன்று: ஆண். வெள்ளை இமை. இரண்டு வயதில் நேர்ச்சைக்கு அறுக்கப்பட்டது. கொடுத்தவர்: தாவியா.

அதை ஒருமுறை படித்தாள். பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல் இன்னொருமுறையும் படித்தாள்.